ராஜா கொடுத்த பத்து நிமிடம்

அத்தியாயம் 6

மாப்பிள்ளைக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் ஒரு நொடிகூடக் கிடையாது.

அதுதான் கல்யாணசுந்தரம் வீட்டுச் சட்டம். பெண் கேட்டு வருகிறவன் சைக்கிளில் முன்னால் போக வேண்டும். இவர் பின்னால் நிதானமாகச் சாமி கும்பிட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் அணைந்த பிறகுதான் கிளம்புவார். இருபத்தெட்டு கிலோமீட்டர். கடைசியில் ஒரு மலை, மலைக்கு அந்தப் பக்கம் ஓர் இறக்கம், இறக்கத்தின் அடியில் ஒரு கல்பாலம். அந்தப் பாலத்தை இவருக்கு முன்னால் தொடுகிறவனுக்குத்தான் பெண்.

இதுவரை இரண்டு பேர் முயன்றார்கள். முதலாமவன் பாலமுருகன், கை இரண்டு இடத்தில் ஒடிந்து, கட்டுப் பிரிப்பதற்குள் வேலையை மாற்றிக்கொண்டு ஹாம்பர்க் பக்கம் போய்ச் சேர்ந்தான். இரண்டாமவன் வசந்த்குமார் எங்கும் போகவில்லை. போன வருடம் இதே அக்டோபரில், அந்த இறக்கத்தின் மூன்றாவது வளைவில் அவனைப் போர்வை போட்டு மூடினார்கள். ஈர இலை, வேகம், விபத்து என்று எழுதிப் போலீஸ் கோப்பைக் கட்டியது.

மூன்றாமவன் பெயர் ஜெயகாந்த். இன்று காலை ஒன்பது மணிக்கு அவன் முறை.

"அறுபத்தொரு வயசு மனுசன், முப்பது வயசுப் பொடியனைத் துரத்திப் பிடிக்கிறாராம். என்ன சாப்பிடுறார் எண்டு முதல்ல கேக்கோணும், தங்கச்சி" என்றார் சிறீதரன், டாக்ஸியின் வைப்பரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு.

யாழ்ப்பாணத்து மனிதர். நியூரன்பெர்கில் இருபது வருடமாக டாக்ஸி ஓட்டுகிறார். அதில் கடைசி நான்கு வருடம் துப்பறியும் ஸ்வர்ணாவுக்கு. மதுரைக்காரியான ஸ்வர்ணா, பொய்யாக இன்சூரன்ஸ் கேட்பவர்களைப் பிடிக்கும் வேலையை ஒரு கம்பெனிக்காகப் பத்து வருடம் பார்த்து, அலுத்து, சொந்தமாகப் பலகை மாட்டியவள். 'அண்ணை' என்ற சொல்லை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, ரோட்டைப் பாருங்க. பனியில ஒண்ணும் தெரியலை."

"எனக்கும் தெரியேல்லை. ஒரு நம்பிக்கையிலதான் ஓட்டுறன்."

டாஷ்போர்டின் மேல் ஒரு தபால் அட்டை கிடந்தது. இடுப்பில் கை வைத்து நிற்கும் தாடிக்காரக் கல்சிலை ஒன்றின் படம். முந்தின நாள் காலை ஸ்வர்ணாவின் ஆபீசில் அதை மேஜைமேல் வைத்தவள் ஸ்ரீநிதி, கல்யாணசுந்தரத்தின் ஒரே மகள். எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில், பழைய கிரேக்கச் சிற்பங்களின் பிளாஸ்டர் நகல்களைப் பராமரிக்கிற வேலை அவளுக்கு.

"எங்கப்பா இவர்தான் மேடம்" என்றாள் அவள். "பீசாங்கிற ஊரோட ராஜா. பேரு ஒய்னொமாவோஸ்."

"பேரைச் சொல்லி முடிக்கவே பத்து நிமிசம் போயிடும்" என்று சிறீதரன் மூலையிலிருந்து சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை.

மருமகன் கையால் சாவு என்று அந்த ராஜாவுக்கு ஒரு குறி. அதனால் பெண் கேட்டு வருகிறவனைத் தேரில் முன்னால் ஓடச் சொல்வான். இவன் ஓர் ஆட்டுக்கடாவைப் பலி கொடுத்துவிட்டு, சாவகாசமாகப் பின்னால் தேரேறுவான். எட்டிப் பிடித்ததும் முதுகில் ஈட்டி. வெட்டிய தலையை அரண்மனை வாசலில் ஆணியடித்து மாட்டுவான். "பதின்மூணு தலை மேடம்" என்று சொல்லி ஸ்ரீநிதி தண்ணீர் குடித்தாள். பிறகு, "ஜெயகாந்த் சைக்கிள்ல அப்பா ஏதோ செய்யப் போறார். கிளம்பறதுக்கு முன்னாடி நீங்களே வந்து அதைச் சோதிச்சுப் பாருங்க. அது போதும்" என்றாள்.

"போட்டிக்குப் போகாதேன்னு ஜெயகாந்த்கிட்ட சொல்லலாமே?"

"சொல்லிட்டேன். ஜெயிச்சுட்டுத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போவேன்னு அவனுக்கு ஒரு வீம்பு."

இப்போது மணி எட்டே கால். எர்லாங்கன் ஞாயிற்றுக்கிழமையின் அமைதியில் மூச்சுக்கூட விடாமல் கிடந்தது. மஞ்சள் வீடு ஒன்றின் முன்னால் சிறீதரன் டாக்ஸியை நிறுத்தினார்.

* * *

வீட்டுக்கு அடியில் நிலவறை. ஜெர்மனியில் குடியிருப்போர் எல்லோரும் சைக்கிளையும் உருளைக்கிழங்கையும் வைக்கிற இடம். கல்யாணசுந்தரத்தின் நிலவறையில் இன்று சரஸ்வதி இருந்தாள்.

பண்டிகை என்னவோ வாரத்தின் நடுவில்தான் வந்து போயிருந்தது. ஆனால் எர்லாங்கனில் சரஸ்வதியும் சனிக்கிழமைவரை காத்திருக்கத்தான் வேண்டும். யாருக்கும் லீவு கிடையாது. நேற்று மாலை ஆயுத பூஜை, இன்று காலை மறுபூஜை. இடைப்பட்ட நேரத்தில் பூஜையில் வைத்த எதையும் யாரும் கையால் தொடக் கூடாது. ரிட்டயரான எஞ்சினியர் கல்யாணசுந்தரம் அதில் கறார்.

வேலை மேஜையில் வெள்ளை விரிப்பு. படத்துக்கு முன்னால் லேப்டாப், பழைய கால்குலேட்டர், அவருடைய செல்போன், பிறகு பளபளவென்று துடைத்து வைத்த ஸ்பேனர்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம், பக்கத்தில் ஒரு செவ்வந்தி இதழ். மேஜைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சைக்கிள்கள், மாலை போட்டுக்கொண்டு.

ஆனால் சிறீதரனின் கண் சுவரில்தான் போய் நின்றது. அங்கே ஓர் ஆணியில், எட்டுப்போல் வளைந்த சைக்கிள் சக்கரம் ஒன்று தொங்கியது.

"வசந்த்குமாரோடது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "போலீஸ் திருப்பிக் குடுத்தாங்க. வாங்கிக்க யாருமில்லை. நான் வாங்கிக்கிட்டேன்."

கல்யாணசுந்தரம் படியிறங்கி வந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி, தேக்குக் கட்டைபோல இரண்டு கால்கள். நெற்றியில் விபூதி, கையில் தேங்காய். ஸ்ரீநிதி அவருக்குப் பின்னால் வந்து, "என் ஃப்ரெண்டுப்பா, ஸ்வர்ணா. அவங்களுக்குத் தெரிஞ்சவர், சிறீதரன்" என்றாள் தரையைப் பார்த்து.

"வாம்மா. வாங்க சார். ரைடு பார்க்க வந்தீங்களா?"

"போட்டின்னு சொன்னாங்க சார்" என்றாள் ஸ்வர்ணா.

"போட்டியெல்லாம் இல்லைம்மா. ஒரு ரைடு. என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறவன் எவ்வளவு தூரம் தாங்குவான்னு அப்பன்காரன் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"நான் பொம்பிளை பாக்கப் போன நேரம் கோப்பி குடிக்கத் தெரியுமோ எண்டு மட்டும்தான் பாத்தவை" என்றார் சிறீதரன். "அதிலயே நான் அரைவாசியை மடியில ஊத்திப்போட்டன்."

கல்யாணசுந்தரத்தின் உதடு விரிந்தது. கண் விரியவில்லை.

ஜெயகாந்த் வந்தான். நேற்று மாலை பூஜை நேரத்துக்குத்தான் டார்ம்ஸ்டாட்டிலிருந்து சைக்கிளோடு ரயிலில் வந்து இறங்கியிருந்தான். இறகுபோல எடையில்லாத புது சைக்கிள். "சூப்பர் வண்டி, பார்க்கலாமா?" என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டு ஸ்வர்ணா குனிந்தாள். ஐந்து நிமிடம் அதைச் சுற்றி வந்தாள். பிரேக், செயின், சக்கரத்தின் நடு அச்சு, ஒவ்வொரு மூட்டிலும் நேற்று வைத்த குங்குமம் உலர்ந்து, வெடிப்பு விட்டு, வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு பொட்டுகூடக் கலையவில்லை.

"கை படவே இல்லை" என்றாள் சிறீதரனின் காதில். "வேற எங்கேயோ தப்பு இருக்கு அண்ணை."

மறுபூஜை முடிந்தது. ஒன்பதுக்கு மாதா கோவில் மணி அடித்தது. வாசலில் சைக்கிள் மேல் ஏறி நின்ற ஜெயகாந்தின் தோளில் கல்யாணசுந்தரம் கையை வைத்தார். குனிந்து காதில் ஏதோ சொன்னார். நாலே வார்த்தை இருக்கும். பையனின் முகத்தில் இருந்த சிரிப்பு, யாரோ துணியால் துடைத்ததுபோல் போய்விட்டது. அவன் பனிக்குள் புகுந்து மறைந்தான்.

பத்து நிமிடம்.

கல்யாணசுந்தரம் பின்வாசல் கல்லில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் தேங்காயை உடைத்தார். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்டால் மேல்வீட்டம்மாள் வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதிவிடுவாள். கற்பூரம் எரிந்து தீர்ந்தது. வாட்சைப் பார்த்தார். மூன்றே கியர் உள்ள, முப்பது வருடத்து இரும்பு சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டார்.

"வரேம்மா" என்றார் மகளிடம்.

ஸ்ரீநிதி கற்பூரத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

* * *

"சரி, வந்த வேலை முடிஞ்சுது. பொடியன்ர சைக்கிள் பத்திரம்" என்றார் சிறீதரன், நிலவறை மேஜையருகே நின்று சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே. ஸ்ரீநிதி மேலே காப்பி போடப் போயிருந்தாள். "ஆனா பாருங்கோ தங்கச்சி, ஜெர்மனிக்கு வந்தா சாமியும் வரிசையிலதான் நிக்கோணும். ஸ்பேனரைப் பாருங்கோ, எட்டு, பத்து, பன்னிரண்டு, பதின்மூண்டு, பதினாலு, பதினேழு, பத்தொன்பது. பதினைஞ்சாம் நம்பருக்கு மட்டும் சரஸ்வதி லீவு குடுத்திட்டா போல."

ஸ்வர்ணாவின் கை சுண்டல் கிண்ணத்தில் அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"பகிடிக்குச் சொன்னனான்."

"பதினைஞ்சு எதுக்கு உபயோகம் அண்ணை?"

"என்ர காருக்கு உதவாது. பழைய சைக்கிளின்ர சில்லு இறுக்கிற நட்டுக்குத்தான் அந்த நம்பர். உந்தப் புது சைக்கிளில நட்டே இல்லை. எல்லாம் ஆலன் கீ எண்ட ஆறுமூலைச் சாவிதான். அதுக்குப் பதினைஞ்சு…" சிறீதரன் வாயை மூடிக்கொண்டார்.

ஸ்வர்ணா அதற்குள் மேஜை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில், செய்தித்தாளில் சுற்றி, பழைய கையுறைகளுக்கு அடியில் கிடந்தது. பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர். வாயில் கறுப்பு கிரீஸ் ஈரமாக இருந்தது. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை.

"ராஜாவோட சைக்கிள்" என்றாள் ஸ்வர்ணா மெல்ல. "நாம காலையிலேருந்து தப்பான சைக்கிளைப் பார்த்துக்கிட்டிருந்தோம் அண்ணை. முன் சக்கரத்து நட்டைத் தளர்த்தியிருக்காங்க. சமதரையில அவர் எடையே சக்கரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். இறக்கத்துல ஒரு குழி போதும்."

"மனுசனுக்கு அடியுங்கோ ஃபோனை!"

அவள் மேஜையைக் காட்டினாள். கல்யாணசுந்தரத்தின் செல்போன் சரஸ்வதிக்கு முன்னால் குங்குமப் பொட்டோடு படுத்திருந்தது. ஜெயகாந்தின் எண்ணைப் போட்டாள். மலையடிவாரத்தில் சிக்னல் கிடைப்பதற்கு ஜெர்மனியில் இன்னும் காலம் வரவில்லை.

படியில் ஸ்ரீநிதி, இரண்டு காப்பி டம்ளர்களோடு.

"என்ன மேடம்? ஜெயகாந்த் சைக்கிள் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினை." ஸ்வர்ணா அவள் கையிலிருந்து டம்ளர்களை வாங்கிக் கீழே வைத்தாள். "வண்டியில ஏறுங்க. வழி உங்களுக்குத்தானே தெரியும்?"

* * *

மணி ஒன்பது இருபத்தைந்து. கல்யாணசுந்தரம் போவது காட்டுக்குள் சைக்கிள்களுக்கென்று போட்ட பாதையில். டாக்ஸி அதற்குள் நுழைய ஏலாது. சுற்றி வளைத்து மலையுச்சிக்குப் போக வேண்டும். உச்சியில் மட்டும் பாதையும் ரோட்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அதைத் தாண்டினால் இறக்கம்.

வயல்கள் வெள்ளையாக ஓடின. பின்சீட்டில் ஸ்ரீநிதி கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தாள். சிறீதரன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அப்பா சாகப் போகிறார் என்று பதறுகிற முகமாக அது அவருக்குத் தோன்றவில்லை. ரயில் வரும் நேரத்தைக் கணக்குப் பார்க்கிற முகம் அது.

ஸ்வர்ணா முன்சீட்டில் செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, அந்த ராஜா கடைசியில எப்படிச் செத்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இந்த நேரத்தில எனக்குப் பாடம் எடுக்கிறியளோ?"

"ஸ்ரீநிதி நேத்து பதின்மூணு தலையோட நிறுத்திட்டாங்க. மீதி இங்கே இருக்கு, கேளுங்க. பதினாலாவதா ஒருத்தன் வரான். அவன் தேர்ல யாரும் கை வைக்கலை. ராஜாவோட தேர்ல, சக்கரம் கழண்டுடாம இருக்க அடிக்கிற வெண்கல ஆணியை உருவிட்டு, மெழுகால ஆணி செஞ்சு சொருகிடறாங்க. ஓட ஓட மெழுகு உருகுது. சக்கரம் கழண்டு போய், ராஜா குதிரைக் கயித்துல சிக்கி, தரையில தேய்ஞ்சே சாகிறான்." ஸ்வர்ணா திரும்பவில்லை. "தேரோட்டியைத் தூண்டிவிட்டு அந்த மெழுகை வைக்கச் சொன்னது யாருங்கிறதுல ரெண்டு மூணு விதமாக் கதை இருக்கு. ஒண்ணுல, ராஜாவோட மகள்."

வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

"வெளியாள் எவனாவது அந்த ஸ்பேனரை எடுத்திருந்தா, பூஜைக்கு அப்புறம்தான் எடுத்திருக்கணும். அப்ப அதுல குங்குமம் இருந்திருக்கும். இல்லை, கலைஞ்ச தடமாவது இருந்திருக்கும். ரெண்டும் இல்லை. அது பூஜைக்கே வரலை. அப்ப நட்டு தளர்ந்தது பூஜைக்கு முன்னாடி. ஜெயகாந்த் அப்போ ரயில்ல இருக்கான். அப்பா பூஜைக்குக் குளிக்கப் போயிருப்பார். மேஜையில சாமான்களை அடுக்கினது யாரு ஸ்ரீநிதி?"

ஸ்ரீநிதி கோத்த விரல்களை இன்னும் இறுக்கினாள்.

"நெஞ்சுல ஈரமில்லாதவன்னா வேலையை முடிச்சிட்டு, துடைச்சு, அதே வரிசையில வச்சிருப்பான். நாங்க ஏழேழு ஜென்மத்துக்கும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. நீங்க சாமியை நம்பறவங்க. அந்த ஸ்பேனருக்குக் குங்குமம் வைக்க உங்களுக்குக் கை வரலை."

ரோடு சட்டென்று இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஒரு பலகை, வலது பக்கம் ஒரு பலகை. இரண்டையும் பனி தின்றிருந்தது. சிறீதரன் பிரேக்கை மிதித்தார்.

"எந்தப் பக்கம்?"

கண்ணாடியில் ஸ்ரீநிதியின் முகம் அசையவில்லை.

"பிள்ளை, உம்மட்டத்தான் கேக்கிறன். எந்தப் பக்கம்?"

"வசந்தைப் பார்க்க என்னை விடலை" என்றாள் அவள் கடைசியில். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "முகத்தைப் பார்க்காதேன்னுட்டாங்க. ஒரு வருஷமா அந்தச் சக்கரத்தைச் சுவத்துல மாட்டி வச்சிட்டு, அதுக்குக் கீழேயே அவர் என்கூட உட்கார்ந்து உருளைக்கிழங்கு பொறுக்கறார்."

"அதனாலதான் என்கிட்ட வந்தீங்க" என்றாள் ஸ்வர்ணா. "நாளைக்குப் போலீஸ் என்னைக் கேட்டா நான் என்ன சொல்வேன்? 'பாவம், இந்தப் பொண்ணு மாப்பிள்ளை உயிருக்குப் பயந்தாள்'னு சொல்வேன். நல்ல சாட்சி. ஆனா ஜெயகாந்த் எதுக்கு?"

"முன்னாடி ஒருத்தன் ஓடினாத்தான் அவர் அந்த மலைக்கு வருவார்."

சிறீதரன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தார். இருபது வருடத்தில் குடிகாரன், கத்திக்காரன் எல்லோரையும் அந்தப் பின்சீட்டில் ஏற்றியிருக்கிறார். முதல்முறையாகக் கதவைத் திறந்துகொண்டு ஓடலாமா என்று தோன்றியது.

ஸ்வர்ணா இப்போது திரும்பினாள். "அவர்தான் வசந்தைக் கொன்னாருன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

"கேட்டிருக்கீங்களா?"

ஸ்ரீநிதி இல்லை என்று தலையசைத்தாள்.

"அவர் போயிட்டா இனிமே யார்கிட்டயும் கேட்க முடியாது" என்றாள் ஸ்வர்ணா.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. சிறீதரன் ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றில் அவள் சொன்னாள்.

"இடது பக்கம். சீக்கிரம் போங்க, அங்கிள்."

* * *

உச்சியில் பைன் மரங்கள் தலை தெரியாமல் நின்றன. பாதை ரோட்டைக் குறுக்கே வெட்டும் இடத்தில் சிறீதரன் டாக்ஸியைக் குறுக்காக நிறுத்தி, ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தார். ஞாயிறு காலையில் ஜெர்மனியில் ஹார்ன் அடிப்பது ஏறக்குறையக் கொலைக்குச் சமம் என்று அவருக்குத் தெரியும். வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

பனிக்குள்ளிருந்து கல்யாணசுந்தரம் வந்தார். குனிந்த முதுகு, பிஸ்டன்போல ஏறி இறங்கும் முழங்கால்கள். டாக்ஸியைக் கடைசி நொடியில் கண்டார். ஹேண்டிலைத் தூக்கி ஓரத்துப் புல்மேட்டில் ஏற்றப் பார்த்தார்.

சைக்கிள் எழும்பியது. முன் சக்கரம் எழும்பவில்லை.

சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டையிலிருந்து நழுவி, அது தன்பாட்டுக்கு உருண்டு, டாக்ஸியின் மூக்கைச் சுற்றிக்கொண்டு, இறக்கத்தில் இறங்கிப் பனிக்குள் போனது. கொஞ்ச நேரம் அதன் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. கல்யாணசுந்தரம் புல்லில் கிடந்தார். உள்ளங்கைகளில் ரத்தம். உயிருக்கு ஒன்றுமில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்து, வெறும் கவட்டையைத் தடவிப் பார்த்தார். எஞ்சினியர். ஒரு தடவல் போதும்.

"யாரு?"

டாக்ஸியின் பின்கதவு திறந்தது.

"நான்தான்பா."

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். அதிர்ச்சி வரும் என்று சிறீதரன் காத்திருந்தார். வரவில்லை.

"வசந்தோட சைக்கிளை என்ன பண்ணீங்க?" என்றாள் ஸ்ரீநிதி.

"அவன் சைக்கிளை நான் தொடலைம்மா."

"பொய்!"

"தொடலை." தாடியில் ஒட்டியிருந்த புல்லை அவர் துடைக்கவில்லை. "இங்கேதான் அவனைப் பிடிச்சேன். இதே இடம். இறங்கி நின்னுட்டிருந்தான். 'இலையெல்லாம் நனைஞ்சு கிடக்கு அங்கிள், எனக்கு இந்த வளைவு பழக்கமில்லை, நடந்து வரேன்'னான்."

மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நடந்து வரவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னேன். ஏறிப் போயிட்டான்."

ஸ்ரீநிதியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது.

"ஏன் இதைப் போலீஸ்ல சொல்லலை?" என்றாள் ஸ்வர்ணா.

"அவங்க கேட்கலை."

அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு அந்த மலையே இன்னும் கொஞ்சம் குளிர்ந்ததுபோல் இருந்தது. ஸ்வர்ணாதான் முதலில் சுதாரித்தாள்.

"காலையில ஜெயகாந்த் காதுல என்ன சொன்னீங்க?"

கல்யாணசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், என்ன சொன்னீங்க?"

"அதையேதான்."

நான்கு பேரும் இறக்கத்தின் பக்கம் திரும்பினார்கள். வெள்ளைச் சுவர். மூன்றாவது வளைவு அதற்குள் எங்கோ இருந்தது.

சிறீதரன் ஓடத் தொடங்கினார். அவர் கடைசியாக ஓடியது ஒரு பார்க்கிங் அபராதச் சீட்டைத் தடுக்க. இலைகள் காலடியில் சோப்புபோல வழுக்கின. முதல் வளைவு. "தம்பி! ஜெயகாந்த்!" தண்ணீர்ச் சொட்டு மட்டும். இரண்டாவது வளைவில், பனிக்குள் எங்கிருந்தோ ஒரு சத்தம். டிக், டிக், டிக். யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வருகிறார்கள்.

ஜெயகாந்த் வந்தான். முகம் காகிதம்.

"இங்கேயே நின்னுட்டேன் அண்ணா. கால் மணி நேரமா. இறங்க முடியலை, கால் வரலை." அவன் மூச்சு வாங்கினான். "இப்போ ஒரு சக்கரம்… ஆளே இல்லாம ஒரு சக்கரம் மட்டும் என்னைத் தாண்டிப் போச்சு."

"அது முன்னுக்குப் போய் பாலத்தைத் தொட்டிருக்கும். பொம்பிளையை அதுக்கே கட்டிக் குடுக்கட்டும். நீர் வாரும்" என்றார் சிறீதரன்.

மேலே வந்தபோது யாரும் இடம் மாறியிருக்கவில்லை. ஜெயகாந்த் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஸாரி அங்கிள். என்னால முடியலை."

ஸ்ரீநிதிதான் அவனுக்குப் பதில் சொன்னாள். கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னாள். "உன்மேல எனக்கு ஆசையெல்லாம் இல்லை ஜெயகாந்த். அவரை இந்த இறக்கத்துல இறக்கத்தான் உன்னை முன்னாடி ஓட விட்டேன். நீ செத்திருந்தாலும் செத்திருப்பே."

அவன் சைக்கிளைத் திருப்பி, ஏறாமல், வந்த பாதையிலேயே தள்ளிக்கொண்டு நடந்தான். பனி அவனை மூடியது.

"அம்மா" என்றார் கல்யாணசுந்தரம், ஸ்வர்ணாவைப் பார்த்து. "நீ ஃப்ரெண்டு இல்லைன்னு காலையிலேயே தெரியும். எந்த ஃப்ரெண்டும் பிரேக்கை அப்படிப் பார்க்க மாட்டா. ஒண்ணு கேட்கறேன். நட்டை முடுக்க நானே மறந்துட்டேன்னு வச்சுக்குவோம். அறுபத்தொரு வயசு. மறக்கக் கூடாதா?"

"மறக்கலாம் சார். ஆனா அப்படி நான் சொல்ல மாட்டேன். போன வருஷம் யாரும் கேட்கலைன்னு நீங்க சும்மா இருந்தீங்க. அதோட விலை இன்னிக்கு இன்னொரு உயிராப் போயிருக்கும். என்னைக் கேட்டா நான் நடந்ததைச் சொல்லுவேன்."

அவர் தலையை ஆட்டினார். சிறீதரன் கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்டார். இரும்புபோல இருந்த உடம்பு கையில் ஒன்றுமில்லாமல் இருந்தது. பின்சீட்டில் இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

சிறீதரன் சாவியைத் திருப்பினார். கண்ணாடியைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் தொழில் அது, கேட்டாக வேண்டும்.

"எங்க விடோணும்?"

ஸ்வர்ணா திரும்பி, இரண்டு பேரையும் பார்த்தாள்.

"போலீஸ் ஸ்டேஷன்" என்றார் கல்யாணசுந்தரம். "என்னை அங்கே விட்டுட்டு, பொண்ணை வீட்டுல…"

"வேண்டாம் அங்கிள்" என்றாள் ஸ்ரீநிதி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "ரெண்டு பேரையும் அங்கேயே இறக்கி விடுங்க."